அங்கியைப் பார்க்காதீர்கள், சாசனத்தைப் படியுங்கள்

மதகுரு பல்கலைக்கழகம் நடத்தக் கூடாது என்பது இன்று படித்தவர்களிடையே கேள்விக்கே இடமில்லாத முடிவாகிவிட்டது. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் எங்கள் கரையில் இந்த முடிவு இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இந்தக் கரையில் நிலமும் கட்டடமும் ஊராரின் நம்பிக்கையும் பள்ளிவாசல்களிடமும் தேவாலயங்களிடமும் கோயில்களிடமுமே திரண்டிருக்கின்றன. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கும் முன்னேஸ்வரத் திருவிழாவுக்கும் உடப்புத் தீமிதிப்புக்கும் மக்கள் வெள்ளமாகக் கூடுகிறார்கள். புத்தளம் நகரின் காசிமிய்யா அரபுக் கல்லூரி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆலிம்களை உருவாக்கி வருகிறது. பல்கலைக்கழகம் என்ற பேச்சு எழும்போது மட்டும் நிலைமை வேறு. வடமேல் மாகாணத்துக்கென்று அமைந்த வயம்ப பல்கலைக்கழகம் குளியாப்பிட்டியிலும் மாகந்துரையிலும் இருக்கிறது. இரண்டுமே குருநாகல் மாவட்டம். உயர்தரம் சித்தியடைந்து தமிழில் பட்டம் படிக்க விரும்பும் முந்தல் பிள்ளையோ பாலாவிப் பிள்ளையோ யாழ்ப்பாணத்துக்கு, வந்தாறுமூலைக்கு, ஒலுவிலுக்கு, பேராதனைக்குப் பெட்டி கட்ட வேண்டும். மத நிறுவனங்கள் முன்வரலாமே என்று யாராவது சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: அது அரசின் வேலை, மௌலவியும் பாதரும் குருக்களும் தங்கள் வேலையைப் பார்க்கட்டும். இந்தப் பதில் பிழையானது. பிழையோடு நிற்காமல் எங்கள் பிள்ளைகளின் காலத்தையும் தின்கிறது.

எதிர்த்தரப்பை அதன் முழுப் பலத்தோடு முதலில் எடுத்து வைக்கிறேன். அவர்கள் சொல்வது இதுதான். மதகுரு கல்விக்கூடம் திறப்பது தன் மதத்துக்கு ஆள் சேர்க்கவே. கல்வி அதற்கான தூண்டில். மதம் விடை தெரிந்துகொண்டு தொடங்குகிறது, பல்கலைக்கழகம் கேள்வியோடு தொடங்குகிறது. இரண்டும் ஒரு கூரையின் கீழ் வாழ முடியாது. அந்நிய நாட்டு மதகுரு கொண்டுவந்த கல்வி எங்கள் மொழியைப் பின்னுக்குத் தள்ளியது. மத அமைப்பின் பணப்பையும் கொள்கையும் மாறினால் கல்லூரிக்கு மறுநாளே பூட்டு விழும். இதையெல்லாம் அனுபவித்த பிறகுதான் இந்த நாடு 1945இல் இலவசக் கல்வியையும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பதையும் தேர்ந்துகொண்டது. இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் சீர்திருத்தத்தால் ஏழைப் பிள்ளை வகுப்பறைக்குள் நுழைந்தது உண்மை. அந்த நன்றியை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அரசு ஒரு கதவைத் திறந்தது என்பதால் மற்றெல்லாக் கதவுகளையும் அடைக்க வேண்டும் என்று ஆகாது.

இந்த வாதத்தைச் சோதிக்க ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். வில்லியம் கேரி 1761இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். செருப்புத் தைக்கும் தொழில் பழகினார். பாப்டிஸ்ட் சபையில் சேர்ந்து போதகரானார். 1793இல் கல்கத்தா வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பரப்பில் மிஷனரிகளை விரும்பாததால் சில ஆண்டுகள் அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளராக இருந்து வயிறு கழுவினார். 1800இல் டென்மார்க் நாட்டின் ஆளுகையில் இருந்த செராம்பூருக்கு மாறி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்ட் இருவரோடும் சேர்ந்து அச்சுக்கூடம் நிறுவினார். 1818இல் மூவரும் செராம்பூர் கல்லூரியைத் தொடங்கினார்கள். கேரி அதன் தலைவரானார். 1827 பெப்ரவரி 23ஆம் திகதி டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடெரிக் அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையோடு அரச சாசனம் அளித்தார். கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு ஒப்பான தகுதி அது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் பிறக்க இன்னும் 30 ஆண்டுகள் இருந்தன. மதகுரு தலைமையேற்ற பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு தெற்காசியாவின் முதல் பரிசோதனைகளில் ஒன்று இங்கே கிடைக்கிறது. மறுப்புகளை ஒவ்வொன்றாக இதில் உரசிப் பார்ப்போம்.

1. நோக்கம் மதமாற்றம் என்றால் கல்வி பொய்யாகிவிடுமா? கேரியின் நோக்கம் கிறிஸ்தவத்தைப் பரப்புவதுதான். அதை அவர் ஒருநாளும் ஒளித்ததில்லை. அவர் சார்பில் நாமும் ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் கல்லூரித் திட்டத்தின் தலைப்பிலேயே கிறிஸ்தவ இளைஞரோடு பிற இளைஞரும் சேர்த்தே சொல்லப்பட்டார்கள். முதலில் சேர்ந்த 37 மாணவரில் கிறிஸ்தவர் 19 பேர். மற்றவர்கள் கிறிஸ்தவர் அல்லாதோர். சாதியோ நிறமோ நாடோ எவரையும் வாசலில் தடுக்கக் கூடாது என்று பின்னர் சட்டவிதியிலும் எழுதினார்கள். இந்த விதி ஒரு பாப்டிஸ்ட் போதகரிடமிருந்து வந்ததில் ஒரு வரலாறு இருக்கிறது. அக்காலத்தில் ஆக்ஸ்போர்டில் சேர வேண்டுமானால் அங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் கையொப்பம் இட வேண்டும். கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கும்போது இட வேண்டும். பாப்டிஸ்டுகளுக்கு அந்தக் கதவுகள் அடைபட்டிருந்தன. அத்தடைகள் பெரும்பாலும் நீங்கியது 1871இல்தான். அடைத்த கதவின் வெளியே நின்றவர்கள் 1764இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் தங்களுக்கென ஒரு கல்லூரி கட்டினார்கள். அதுவே இன்றைய பிரவுன் பல்கலைக்கழகம். அதன் 36 அறங்காவலரில் 22 பேர் பாப்டிஸ்டுகள். ஆனாலும் மற்ற மூன்று சபையினருக்கும் இடம் ஒதுக்கினார்கள், மாணவரிடம் மதச் சோதனை வைக்கவில்லை. பாப்டிஸ்ட் போதகர்களே தலைவர்களாக இருந்த அந்தப் பிரவுன் 1807இல் கேரிக்கு இறையியல் கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அவருடைய சொந்த நாட்டின் பெரும் பல்கலைக்கழகங்கள் உள்ளே விடாத செருப்புத் தொழிலாளிக்குக் கடலுக்கு அப்பால் இருந்த போதகர்கள் பட்டம் சூட்டினார்கள். 1827 பெப்ரவரியில் செராம்பூர் சாசனம் கையொப்பமானபோது, போஸ்டன் நகரின் பாப்டிஸ்ட் போதகராக இருந்த பிரான்சிஸ் வேலண்ட் பிரவுனின் தலைவராகப் பொறுப்பேற்ற காலமும் அதுவே. ஒருவர் மனதில் என்ன நினைத்தார் என்பதை எவராலும் அளக்க முடியாது. வாசலில் என்ன விதி எழுதினார் என்பதை யாரும் வாசிக்கலாம். அளக்க முடியாததை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டு, வாசிக்க முடிந்ததை வாசிக்காமல் விடுவது நியாயமாகாது.

2. விடையோடு வருபவன் கேள்வி கேட்க மாட்டான் என்பது அடுத்த வாதம். கேட்க அழகாக இருக்கிறது. ஆதாரம் மறுபக்கம் நிற்கிறது. செராம்பூர் அச்சுக்கூடம் விவிலியத்தோடு கிருத்திவாசரின் வங்காள ராமாயணத்தையும் அச்சிட்டது. கேரியும் மார்ஷ்மனும் வால்மீகி ராமாயணத்தின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்கள். கேரி வங்காள இலக்கணமும் அகராதியும் எழுதினார், மராத்தி இலக்கணம் எழுதினார், தாவரவியலாளர் ரொக்ஸ்பர்க் விட்டுச்சென்ற இந்தியத் தாவர நூலைப் பதிப்பித்தார், 1820இல் வேளாண்மை தோட்டக்கலைச் சங்கம் நிறுவினார். 1818இல் அவர்களுடைய கூடத்திலிருந்து சமாசார் தர்ப்பண் என்ற வங்காள வாரப் பத்திரிகை வெளிவந்தது. சதிக் கொடுமையை எதிர்த்தபோது அவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. கல்கத்தாவைச் சுற்றி 30 மைல் வட்டத்தில் ஒரே ஆண்டில் எத்தனை பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்று ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார். கிடைத்த எண் 438. கருத்துக்கு முன் கணக்கு என்பது ஆய்வாளரின் முறை. 1829 டிசம்பர் 4ஆம் திகதி தலைமை ஆளுநர் பெண்டிங்க் சதியைத் தடைசெய்யும் கட்டளையைப் பிறப்பித்தார். வங்காளத்தில் பெயர்க்கும்படி அது கேரியிடம் வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. போதகருக்கு அது பிரசங்க நாள். 68 வயதான கேரி பிரசங்கத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் பண்டிதரோடு உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் முழுச் சட்டத்தையும் வங்காளத்தில் எழுதி முடித்தார். ஒரு மணி தாமதித்தால் ஒரு சிதை எரியக்கூடும் என்று அவர் கணக்கிட்டார். மேடையா மொழிபெயர்ப்பு மேசையா என்று தெரிவு வந்த நாளில் அந்தப் போதகர் எங்கே உட்கார்ந்தார் என்பதைப் பார்த்த பிறகும், மதம் அறிவுக்கு இடம் தராது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. சில மதகுருக்கள் இடம் தரமாட்டார்கள். சில பேராசிரியர்களும்தான் தரமாட்டார்கள்.

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி எழும், அது நியாயமானது. இதே செராம்பூர் மூவரில் ஒருவரான வார்ட் இந்துக்களின் வழக்கங்களைப் பற்றி எழுதிய நூல் கடுமையும் ஒருபக்கச் சாய்வும் கொண்டது. பல மொழிகளில் அவசரமாகச் செய்த விவிலிய மொழிபெயர்ப்புகளில் சில அந்தந்த மொழியினரிடம் நிலைக்கவில்லை. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க உதவிய கருவிகளும் அதே கூடத்திலிருந்துதான் வந்தன. இலக்கணமும் அகராதியும் அச்செழுத்தும் பத்திரிகையும் ஒரு சமூகத்தின் கைக்கு வந்துவிட்டால், அவற்றைக் கொடுத்தவரையே அச்சமூகம் திருத்தும், மறுக்கும், கடந்து போகும். வங்காளிகள் அதைத்தான் செய்தார்கள். ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவர்கள் தன்னை மறுக்கும் அளவுக்கு அவர்களை வளர்க்கிறதா என்பதே கடைசி அளவுகோல். செராம்பூரைத் தொடங்கியவர்கள் அந்த விளைவை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எதிர்பாராத விளைவும் விளைவுதான்.

3. மிஷனரி வந்தார், தாய்மொழி போனது என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. செராம்பூரைப் பொறுத்தவரை இது தலைகீழ். கேரியும் தோழர்களும் அறிவியலை மக்கள் மொழியில் கற்பிக்க வேண்டும் என்று நின்றவர்கள். அக்கல்லூரியில் வேதியியல் கற்பித்த ஜோன் மேக்கின் வேதியியல் நூல் 1834இல் வங்காளத்தில் வெளிவந்தது. உயர்கல்வியை ஆங்கிலத்தின் பக்கம் திருப்பிய மெக்காலே குறிப்பு எழுதப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு, 1835இல். அதை எழுதியவர் மதகுருவல்ல, அரசாங்க உறுப்பினர். பொதுப் பணத்தை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பிவிட்டது அரசு. வங்காளத்தில் வேதியியல் அச்சிட்டது போதகர்களின் கூடம். தமிழுக்கும் அந்தக் கூடத்தில் ஒரு பங்கு உண்டு. 1812 மார்ச் 11ஆம் திகதி இரவு செராம்பூர் அச்சுக்கூடம் எரிந்தபோது, அங்கே அச்சாகிக்கொண்டிருந்த நூல்களில் தமிழ்ப் புதிய ஏற்பாடும் ஒன்று. காகிதமும் கையெழுத்துப் பிரதிகளும் பல மொழி எழுத்து வார்ப்புகளும் சாம்பலாயின. இடிபாடுகளைக் கிளறியபோது எழுத்து வெட்டும் எஃகு அச்சாணிகள் கெடாமல் கிடைத்தன. உருகிக் கட்டியாகிப் போன ஈயத்தைத் திரட்டி, அதே அச்சாணிகளைக் கொண்டு எழுத்துகளை மீண்டும் வார்த்தார்கள். செராம்பூரோடு தொடர்புடைய ஜேம்ஸ் சேட்டர் என்ற பாப்டிஸ்ட் போதகர் அதே 1812இல் கொழும்புக்கு வந்து, சில ஆண்டுகளில் சிங்கள இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். இவர்கள் போன இடமெல்லாம் அந்தந்த இடத்து மொழியைப் படிப்பதிலிருந்துதான் தொடங்கினார்கள். தமிழ்வழியில் பட்டப்படிப்புக் கிடைக்காமல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் எங்கள் கரைப் பிள்ளைகளின் பெயரால் பேசுகிறவர்கள், மதகுரு வந்தால் தாய்மொழி போய்விடும் என்று சொல்வதற்கு முன் இந்த வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

4. கேரி ஒரு மேதை, மேதையை விதியாக்க முடியாது என்பார்கள். நான் மறுக்க வேண்டியது எதிர்த்தரப்பை மட்டுமல்ல, கேரியைத் தெய்வமாக்கும் பக்தர்களையும்தான். செராம்பூரை ஒரு தனி மனிதர் கட்டவில்லை. வங்காள எழுத்துகளை வெட்டி வார்த்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற கொல்லர். கேரிக்கு வங்காளம் கற்பித்தவர் ராம்ராம் பாசு. பண்டிதர் மிருத்யுஞ்சய வித்யாலங்கார் இல்லாமல் அவருடைய மொழிப்பணியின் பெரும்பகுதி இல்லை. 1801இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி பெற்ற மாதச் சம்பளம் 500 ரூபாய், பின்னர் 1000 ரூபாய். அதில் பெரும்பங்கு பொதுப் பெட்டிக்குப் போனது. அதற்கு வீடு கொடுத்த விலையும் உண்டு: அவர் மனைவி டொரத்தி மனநோயில் வாடி 1807இல் இறந்தார். ஆகவே செராம்பூர் ஒரு மேதையின் அதிசயம் என்று சொல்வது உண்மையைக் குறைத்துச் சொல்வது. அது பல கைகளை ஒரே வேலையில் இணைத்த ஓர் அமைப்பு. அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்குச் சாட்சி எங்கள் கரையிலேயே இருக்கிறது. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 27ஆவது வயதில் இலங்கையின் முதல் கசற்றியரை எழுதி வெளியிட்டார், சட்டசபை உறுப்பினரானார், சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தார், ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1859இல் தமிழ் புளூட்டார்க் என்ற ஆங்கில நூலாகத் தந்தார். அறிவில் அவர் கேரிக்கு எந்த வகையில் குறைந்தவர்? ஆனால் அந்தப் புலவர் வரலாற்றை அச்சிட யாழ்ப்பாணத்து அச்சுக்கூடம் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் கண்மூடியபோது அவருடைய வேலையைத் தொடர்ந்து எடுத்துச் செல்லக் கற்பிட்டியில் ஒரு கல்லூரி இல்லை, ஒரு நூலகம் இல்லை, ஒரு மாணவர் வரிசை இல்லை. மேதை எங்கும் பிறக்கலாம். அவருடைய உழைப்பை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றித் தர ஒரு நிறுவனம் வேண்டும்.

5. பணப்பை சுருங்கினால் பூட்டுத்தானே என்பது எதிர்த்தரப்பின் மிக வலிமையான வாதம். இதற்கு நழுவலான பதில் கூடாது. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் வட்டுக்கோட்டையில் தமிழ் இளைஞருக்கு ஒரு கல்லூரி அமைக்கத் திட்டமிட்டார்கள். குடியேற்ற அரசு அதற்கு அங்கீகாரம் தராததால் செமினரி என்ற பெயரோடு நடத்தினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர் ஒரு போதகர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள். அப்படிப்பட்ட நிறுவனத்தை 1855இல், அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழுவின் தீர்மானத்துக்கு இணங்க மூடினார்கள். செராம்பூரிலும் இதே கதை ஒரு பாதி நடந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்ட வகுப்புகள் நடத்திவந்த கல்லூரியில் 1883இல் கலைப்பிரிவை நிறுத்தி, அதை இறையியல் பயிற்சிக்கூடமாகச் சுருக்கினார்கள். 1827இல் கிடைத்த பட்ட உரிமை முதன்முதலாகப் பயன்பட்டது 1915இல். 88 ஆண்டுகள் அந்தச் சாசனம் பெட்டிக்குள் உறங்கியது. இவ்வளவையும் எதிர்த்தரப்பின் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். அதன் பிறகு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: இரண்டையும் போதகர்களே நடத்தியிருக்க, வட்டுக்கோட்டை செமினரி அழிந்ததும் செராம்பூர் மீண்டெழுந்ததும் எதனால்?

அங்கியில் விடை இல்லை, சாசனத்தில் இருக்கிறது. வட்டுக்கோட்டைக்குச் சாசனம் கிடைக்கவில்லை. அது மிஷனின் சொத்தாக இருந்தது; மிஷன் மூடச் சொன்னது, மூடினார்கள். பழைய மாணவர்களும் ஊர் மக்களும் முயன்று 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பும்வரை அந்த இடம் வெறுமையாக இருந்தது. செராம்பூரிலோ, லண்டனில் இருந்த தாய்ச் சங்கத்துக்கும் கேரி தரப்புக்கும் சொத்து யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில் நீண்ட பிணக்கு. அது 1827இல் முறிவாக முடிந்தது. அதே ஆண்டில் வந்த சாசனம் கல்லூரியை லண்டன் குழுவின் கைக்கு எட்டாத தனி உடலாக்கியது. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஒரே உடன்படிக்கையில் ஆங்கிலேயருக்கு விற்றபோது, கொடி இறங்கியது, ஆட்சி மாறியது; கல்லூரியின் உரிமை மட்டும் காப்பாற்றப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் ஹவெல்ஸ் என்ற இன்னொரு பாப்டிஸ்ட் போதகர் அதிபராக வந்து கலைப்பிரிவை மீண்டும் திறந்தார். பெட்டியில் உறங்கிய சாசனம் விழித்தது. 1918இல் செராம்பூர் கல்லூரிச் சட்டம் அதை உறுதிசெய்தது. இன்று இலங்கையின் பிலிமத்தலாவையில் சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்கும் மாணவருக்குக் கிடைப்பது செராம்பூர் மன்றத்தின் பட்டம். மூடுவது மத அமைப்புகளுக்கு மட்டும் உரிய நோயுமல்ல. 1980களின் இறுதியில் இந்த நாட்டின் அரச பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. ஒரு தலைமுறை மாணவர் காத்திருந்தே இளமையைத் தொலைத்தார்கள். எவர் கை ஆனாலும் ஒரே கை திறக்கவும் மூடவும் முடிந்தால் ஆபத்துத்தான். அதற்கு மருந்து, எந்தக் கையாலும் தனியே மூட முடியாதபடி சட்டம் எழுதுவது.

6. இது இந்த நாட்டுக்கு ஒத்துவராது என்பது கடைசி அடைக்கலம். இந்த நாட்டின் வரலாறு அதையும் தாங்காது. 1958ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தால் வித்யோதய, வித்யாலங்கார பிரிவெனாக்கள் 1959இல் பல்கலைக்கழகங்களாயின. வெலிவிட்டியே சோரத தேரரும் கிரிவத்துடுவே பஞ்ஞாசார தேரரும் அவற்றின் முதல் உபவேந்தர்கள். 1966 முதல் 1969 வரை வித்யோதயவின் உபவேந்தராக இருந்த வல்பொல ராகுல தேரர் உலகம் அறிந்த அறிஞர். இன்று அவை ஸ்ரீ ஜயவர்த்தனபுர, களனி என்ற பெயர்களில் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களுள் நிற்கின்றன; அங்கே எல்லா மதத்தவரும் படிக்கிறார்கள். 1954இல் கொழும்பில் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியை நிறுவிய பீற்றர் பிள்ளை அடிகளார் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குரு. ஆகவே இந்த நாட்டில் மதகுரு உபவேந்தராகலாம், ஆகியிருக்கிறார்கள், அந்த நிறுவனங்கள் வளர்ந்து மதத்தின் எல்லையைத் தாண்டிப் பொதுச் சொத்தாகவும் மாறியிருக்கின்றன. களனியில் பொருந்தியது கற்பிட்டியில் ஏன் பொருந்தாது? பிக்குவின் கையில் முளைத்த பல்கலைக்கழகத்தைத் தேசியப் பெருமையாக எண்ணும் நாடு, மௌலவியோ பாதரோ குருக்களோ அதே விதையை எடுத்தால் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது ஒரு நீதிக்கு இரண்டு தராசு வைப்பதாகும். அந்தச் சந்தேகத்தை எங்கள் ஆட்களே முந்திக்கொண்டு பேசுவதுதான் இதில் கூடுதலாக வலிக்கிறது.

சரி, மதகுருவிடம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாமா? கூடாது. கேரியின் வாழ்க்கை சொல்லும் பாடம் அதுவுமல்ல. ஆதாரங்களை அடுக்கிப் பார்த்தால் மூன்று நிபந்தனைகள் தெளிவாகின்றன. முதலாவது, நிர்வாக சபை எந்த மதத்தாருடையதாக இருந்தாலும் மாணவர் வாசலில் மதச் சோதனை இருக்கக் கூடாது. பிரவுனும் செராம்பூரும் எழுதிவைத்தது அதைத்தான். இரண்டாவது, பாடம் மக்கள் மொழியிலும் மக்கள் தொழிலிலும் வேர் கொள்ள வேண்டும். வங்காளத்தில் வேதியியல் எழுதிய, வேளாண் சங்கம் நிறுவிய மனப்பாங்கு இங்கே வந்தால் என்ன கற்பிக்கும்? உப்பளத்தில் நீர் விடுவதிலிருந்து உப்பு வாருவது வரையுள்ள அறிவை, களப்பு மீனின் வாழ்வை, தென்னையின் நோயை, 1996இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் பண்ணைகளை வெறும் குழிகளாக்கியது ஏன் என்பதை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பலோடு வாழும் மண்ணின் நிலையை. இந்தக் கரையின் கேள்விகளுக்கு இந்தக் கரையில் உட்கார்ந்து விடை தேட ஓர் ஆய்வுகூடம் வேண்டும். மூன்றாவது, எந்தத் தனி அமைப்பும் விரும்பியபடி மூட முடியாத சட்ட உடலாக அது அமைய வேண்டும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், அரச பல்கலைக்கழகம் அல்லாத நிறுவனமும் பட்டம் வழங்கும் அங்கீகாரம் பெற வழி இருக்கிறது. கேரி கோபன்ஹேகனுக்கு மார்ஷ்மனை அனுப்ப வேண்டியிருந்தது. எங்களுக்குக் கொழும்பு வரை போனால் போதும்.

இந்த மூன்றையும் ஏற்காத மதகுருவைத் தாராளமாக எதிர்க்கலாம், நானும் எதிர்ப்பேன். ஆனால் மூன்றையும் எழுத்தில் தரத் தயாரான ஒருவரை, அவர் போட்டிருக்கும் தொப்பியையோ அங்கியையோ பூணூலையோ காட்டித் திருப்பி அனுப்புவது, மதச் சோதனை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மதச் சோதனை வைப்பதாகும். ஆக்ஸ்போர்டின் பழைய வாசலில் பாப்டிஸ்டுகளுக்கு நடந்ததும் அதுதான். அரசு வரட்டும் என்று காத்திருப்பது நடுநிலை போலத் தோன்றும்; ஆனால் அந்தக் காத்திருப்புக்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பது ஆண்டுதோறும் பெட்டி கட்டும் பிள்ளைகளும், பெட்டி கட்ட வசதியில்லாமல் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளும்.

1834 ஜூன் 9ஆம் திகதி செராம்பூரில் கேரி இறந்தார். அதே ஆண்டில்தான் கோட்டை மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து காசிச்செட்டியின் இலங்கைக் கசற்றியர் வெளிவந்தது. செராம்பூரில் கேரியின் கல்லூரியில் அவருக்குப் பிறகும் பாடம் நடந்தது. காசிச்செட்டியின் ஊரில் அவருக்கென்று ஒரு வகுப்பறை இன்றுவரை திறக்கப்படவில்லை. அதைத் திறக்கச் சாவியோடு யாராவது வந்தால், அவர் உடுத்திருப்பதை விட்டுவிட்டு, கையில் வைத்திருக்கும் சாசனத்தை வாங்கி வாசிப்போம்.